பின்னுக்குத் திருப்பக் கூடாது

இடிபட்டு நெளிந்த கார்க் கதவுக்காகக்
காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய பணத்தில்
இந்தக் கைக்கடிகாரத்தை வாங்கினேன்.
கதவு அப்படியே இருக்கிறது.
மறுபக்கம் ஏறி, கியரைத் தாண்டி,
சீருடைக் கோட்டைச் சுருட்டிப் பிடித்தபடி
ஓட்டுநர் இருக்கைக்கு வந்துசேர்கிறேன் தினமும்.

வெள்ளை முகம். எண் கிடையாது. தேதி கிடையாது.
விளிம்பில் பன்னிரண்டு கோடுகள்,
பென்சிலை நன்றாகச் சீவி
மூச்சை அடக்கி இழுத்த மாதிரி.
நீல முட்கள் இரண்டு.
கீழே, சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தில்
நொடி தனிக்குடித்தனம் நடத்துகிறது.

"இதில் வேண்டாதது எதுவுமே இல்லை" என்றான்
எர்ஃபுர்ட் கடையின் விற்பனையாளன் எக்கெஹார்ட்,
தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.
அந்தச் சொல் வீடுவரை கூடவே வந்தது.
அன்றிரவு சமையலறை இழுப்பறையைக் கவிழ்த்து
நான்கு கரண்டிகளையும்
பூண்டு நசுக்கியையும் வெளியேற்றினேன்.
அடுத்த வாரம்
ஒரு பூண்டு நசுக்கி வாங்கினேன்.

எண் இல்லாமல் எப்படி மணி பார்ப்பீர்கள் என்று
பயணிகள் கேட்பார்கள்.
இருட்டில் சாப்பிட்டாலும்
கை வாய்க்கு வழி கேட்பதில்லை.

மாலையில் பணிக்குக் கிளம்புமுன் சாவி கொடுப்பேன்.
முப்பது சுற்று.
கடைசியில் விரல் நுனியில் ஒரு பிடிவாதம் தட்டும்: போதும்.
அப்படிச் சொல்லத் தெரிந்த மனிதர் யாரையும் நான் அறியேன்.
பெர்ன்வார்டைக் கேட்டால்
என்னைத்தான் முதலில் காட்டுவான்.

கம்பெனி தந்த போன் தானே திருந்திக்கொள்ளும்,
எங்கோ ஒரு கோபுரம் அதற்கு நேரம் ஊட்டுகிறது.
இதற்கு நான்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
ஹாம்பர்கிலிருந்து பாசல் போகும் இரவு ரயில்
பெப்ரா நிலையத்தில் நின்றது.
மூன்று மணியானதும்
அதை இரண்டு என்று சொல்ல வேண்டும்,
நாடு முழுக்க அப்படித்தான்.
ரயிலுக்கு அந்த நடிப்பு வராது,
ஆகவே ஒரு மணி நேரம் நிற்கும்.

முட்களைப் பின்னுக்குத் திருப்பாதீர்கள்,
உடையாது,
ஆனால் அதற்குப் பிடிக்காது என்றிருந்தான் எக்கெஹார்ட்.
சரியாக மூன்றுக்குத் திருகை வெளியே இழுத்தேன்.
குட்டி முள் நின்றது.
பக்கத்துத் தண்டவாளத்தில்
பொட்டாஷ் ஏற்றிய சரக்கு வண்டி,
அதன் மேல் மூடுபனி, அப்பால் சிவப்பு விளக்கு.

ஆறாம் பெட்டியிலிருந்து
வெறும் காலுறையோடு இறங்கி வந்தார் லூடெகிங்.
"ஏன் நிற்கிறோம்?"
"சீக்கிரம் வந்துவிட்டோம்."
"பாசலில் ஏழரைக்கு என் அக்காவுக்கு அறுவை சிகிச்சை."
"நேரத்துக்குப் போய்விடுவீர்கள்."
"அது தெரியும்" என்றார்.
"தூங்காமல் படுத்திருப்பாள்.
அவளுக்கு இந்த இரவு
ஒரு மணி நேரம் நீளம்."

அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.
"இது நின்றுபோயிருக்கிறதே."
"நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்."
கை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன்.
காதில் வைத்துக் கேட்டார், வெகுநேரம்,
ஒன்றுமில்லாததைக் கேட்பதற்கு
அவ்வளவு நேரம் தேவையில்லை.
இயந்திரத்துக் காப்பி வாங்கி வந்தேன்.
பால் தீர்ந்திருந்தது. குடித்தோம்.

பச்சை விழுந்த அதே கணத்தில்
நான்காம் பெட்டியில் ஒரு பெட்டி சரிந்து
ஒரு குழந்தை அலற, இரண்டு பேர் சண்டைக்கு நிற்க,
எல்லாம் அடங்கித் திருகை அழுத்தியபோது
ஒன்பது நிமிடம் கழிந்திருந்தது.
சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டேன்.
பிறகும் விட்டேன்.

பாசலில் இறங்குகையில்
தலைக்கு மேல் தொங்கிய பெரிய கடிகாரத்தை விட்டுவிட்டு
என் கையைப் பார்த்தார் லூடெகிங்.
இன்னும் ஒன்பது நிமிடம் கூடுதலாக இருப்பதாக
அது அவரிடம் சொன்னது.
அவர் நம்பவில்லை.
ஷூவின் கயிற்றைக் கூடக் கட்டாமல் ஓடினார்.